நானூற்று முப்பது கிராம்

விசில் என்னிடம் இருந்தது, அதனால் நான் நடுவர்.
மற்ற நாளில் இலை நிறுக்கிறவன்.
மூட்டைக்கு இரண்டு கிலோ ஈரத்துக்கென்று கழிப்பவன்.
அந்தக் கோபம் ஆட்டத்தன்றும்
கோட்டுக்கு வெளியே குடை பிடித்து உட்கார்ந்திருக்கும்.

முந்தின இரவு கிளப்பில் படம்.
மொட்டைத்தலைச் சீனர்கள் பதினொரு பேர்
மதுரைத் தமிழில் திட்டிக்கொண்டு பந்தாடினார்கள்.
வாயை மூடி வெகுநேரம் ஆன பிறகும்
"போடா வெங்காயம்" என்று குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.
ஒருவன் உதைத்த பந்து சுவரைத் துளைத்து,
சலூனில் ஒருவருக்குப் பாதி மீசையை மழித்து,
அதே ஓட்டை வழியாகத் திரும்பி வந்து கோலில் விழுந்தது.
கெட்ட நடுவர் ஒருவனும் உண்டு.
பல்குச்சி கடித்தபடி பணம் எண்ணுவான்.
அவன் வரும்போதெல்லாம் கூட்டம் திரும்பி
என்னைப் பார்த்தது.
நான் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன்.

கொளப்பள்ளி மைதானம் சமதளம் என்று
இதுவரை யாரும் சொன்னதில்லை.
மேல் கோலிலிருந்து கீழ் கோலுக்குப் பந்து
தானாகப் போய்ச் சேரும்.
கீழிருந்து மேலே போகத்தான்
ஆள் வேண்டும்.
முதல் பாதியில் தேவாலாக்காரர்கள் மேலே.
மூன்று பூஜ்யம்.

இடைவேளையில் எங்கள் ஆட்கள் தண்ணீர் குடிக்கவில்லை.
கண்ணை மூடி, உள்ளங்கை சேர்த்து,
மூச்சை அடிவயிற்றுக்கு இறக்கினார்கள்.
லூர்துசாமிக்கு அங்கே இடமில்லை.
மத்தியானம் கப்பையும் மத்திக் குழம்பும்.

இரண்டாம் பாதியில் சரிவு எங்கள் கட்சி.
மூன்றுக்கு மூன்று.
இதுவரை குங்ஃபூவுக்கு வேலையே இல்லை.

பிறகு பந்தலூர்ப் பக்கமிருந்து பனி ஏறியது.
முதலில் கொடிக்கம்பம் போனது, அப்புறம் லைன்ஸ் வீடுகள்,
அப்புறம் என் முழங்கால்.
கடைசி நிமிடம்.
சந்தனராஜ் ஓடி வந்தான்,
கால்பந்து விதிகளை வழியில் ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டு
எழும்பினான்.

படத்தில் ஒருவன் எழும்பினால்
கீழே நிற்பவன் டீ குடித்து, காதலியை நினைத்து,
அழுது முடித்து, மூக்கும் சிந்திவிடலாம்.
இங்கே அவ்வளவு நேரம் யார் தருவார்?
ஆனாலும் பார்த்தேன், சத்தியமாக,
நாளெல்லாம் மருந்து டின் சுமக்கிற அந்த முதுகு
எதையும் சுமக்காமல்
பனிமேல் படுத்திருந்தது.

அப்புறம் சொத்தென்று ஒரு சத்தம்.

சைனுதீன் பாய்ந்தான், பிடித்தான்,
மார்போடு அணைத்து உருண்டு கோட்டைத் தாண்டினான்.
கோல் என்று மலை முழுக்க அலறல்.
எழுந்து நின்றவன் கையில்
இடது கால் பூட்ஸ்.
லேஸ் இருந்த இடத்தில் சாக்குத் தைக்கும் சணல்.

பந்து?
பந்தைக் காணோம்.

இருபத்தியிரண்டு பேரும் என்னைச் சுற்றி நின்றார்கள்.
பூட்ஸ் கோடு தாண்டினால் என்ன என்பதைப் பற்றி
விதிப்புத்தகம் மூச்சு விடவில்லை.
யாரோ ஒருத்தி பனிக்குள்ளிருந்து
பல்குச்சி ஒன்றை நீட்டினாள்.
விசிலை வாயில் வைத்தேன்.
உள்ளே ஈரம் இறங்கி அது ஊதவில்லை, இருமியது.
ஆட்டம் முடிந்ததென்று எடுத்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை, நிறுவைக் கொட்டகை.
பூவாயியின் மூட்டை கொக்கியில் தொங்கி
ஒருபக்கமாகச் சாய்ந்தது.
கையை விட்டேன். கொழுந்துக்கு நடுவில்
உருண்டையாக, சில்லென்று.
பதினாலாம் நம்பர் மலையில் கிடந்ததாம்.
அவள் என்னைப் பார்க்கவில்லை, முள்ளைப் பார்த்தாள்.
வரிசைக்குப் பின்னால் சந்தனராஜ்,
ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் கட்டு.

இருபத்தொரு கிலோ நானூற்று முப்பது கிராம்.
பேரேட்டில் அப்படியே எழுதினேன்.
பச்சை இலை.
ஈரத்துக்குக் கழிக்கும் கட்டத்தில்
ஒரு கோடு மட்டும் இழுத்தேன்.

"அப்ப அது கோலா, இல்லையா?" என்றான் சந்தனராஜ்.

"அடுத்த மூட்டை" என்றேன்.